சாவிக்குள் ஒரு சாவி

புது வண்டி வாங்கினால் அதன் சாவியை முதலில் இறைவன் திருவடியில் வைத்துப் பெற்றுக்கொள்வது சென்னைவாசிகளின் வழக்கம். பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் சந்நிதியிலும், லஸ் நவசக்தி விநாயகர் கோயில் வாசலிலும், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்படும் வண்டிகளைக் காணலாம். அத்தனை மரியாதையுடன் பெற்ற சாவி, நாளடைவில் வெறும் இரும்புத் துண்டாகத் தோன்றத் தொடங்குகிறது. தலைப்பகுதியில் விரிசல் கண்டால் ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றிவிட்டு மறந்துவிடுவோர் பலர்.

அடையாற்றில் வசிக்கும் ஒரு முதிய தம்பதியரின் வண்டிச் சாவியும் அந்நிலையில்தான் இருந்தது. ஒரு பிரதோஷத்தன்று கபாலீசுவரரையும் கற்பகாம்பாளையும் தரிசித்துவிட்டு, குளக்கரையில் நிறுத்தியிருந்த வண்டிக்குத் திரும்பினர். கணவர் சாவியைத் திருகினார். செல்ஃப் சுற்றியது, இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருகினார், மறுபடியும் அதே ஓசை.

மனைவிக்குச் சர்க்கரை நோய். மாத்திரை கைப்பையில் இருந்தது. உணவு வீட்டில் இருந்தது. "தி.நகருக்குப் போன் போட்டுப் பொண்ணைக் கூப்பிடுங்களேன்" என்றார். கணவர் பதில் கூறவில்லை. 'இந்த வயதில் கார் எதற்கு, விற்றுவிடுங்கள்' என்று மகள் ஓராண்டாகச் சொல்லி வருகிறாள். இன்று அழைத்தால் அந்த வழக்குக்கு இன்றே தீர்ப்பாகிவிடும். மாற்றுச் சாவியோ, விடுமுறைக்கு வந்து வண்டி ஓட்டிய மகனின் பெட்டியோடு அமெரிக்கா போய்விட்டது.

அருகில் நின்ற ஆட்டோ ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "ஐயா, இனிமே சுத்தாதீங்க, பேட்டரி உக்காந்துடும். சாவி படம் போட்ட விளக்கு மின்னுது பாருங்க. வண்டிக்குச் சாவி யாருன்னு தெரியல."

அவர் சொன்னது மிகச் சரி. இக்காலக் கார்ச் சாவிகள் பலவற்றில், பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணி அல்லது சிறு பருப்பு அளவில் ஒரு சில்லு உண்டு. அதற்கெனப் பாட்டரி இல்லை. கதவைத் திறக்கும் பொத்தான்களுக்குத்தான் வட்டப் பாட்டரி தேவை. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அனுப்பும் அலையிலிருந்தே சில்லு ஆற்றல் பெற்று, தன் இரகசிய எண்ணைத் தெரிவிக்கிறது. எண் பொருந்தினால்தான் இஞ்சின் இயங்க வண்டியின் மின்னணுக் கருவி இசைவு தரும். திருட்டைத் தடுக்க வந்த இந்த ஏற்பாடு, ஜெர்மனியில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. சில்லு விழுந்துவிட்டால், இரும்புப் பல் துவாரத்தில் சரியாகப் பொருந்தித் திரும்பினாலும் பயனில்லை.

பெரியவருக்கு நினைவு வந்தது. கிழக்குக் கோபுர வாசலில் காலணி விடும் இடத்தில் சில்லறை எடுத்தபோது சாவி கீழே விழுந்தது, தலை பிளந்தது, இரு பாதிகளையும் சேர்த்து வளையம் மாட்டிக்கொண்டார். மனைவியை வண்டியில் அமர்த்திவிட்டு, வடக்கு மாட வீதி வழியே நடந்தார். அங்கிருந்த அம்மையார் டோக்கன் டப்பாவைத் திறந்து, "இதுவா பாருங்க ஐயா. பெருக்கும்போது கிடைச்சுது. யாரோடதோ என்னவோன்னு எடுத்து வெச்சேன்" என்று ஒரு கறுப்புத் துணுக்கை நீட்டினார்.

சில்லைச் சாவித் தலையோடு ஒட்டிப் பிடித்துத் திருகியதும் இஞ்சின் உயிர்பெற்றது. அன்றிரவு உணவு முடிந்தபின் அவரே மகளை அழைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் கூறினார். மகள் விற்பனைப் பேச்சை எடுக்கவில்லை. "நாளைக்கு நான் வரேம்ப்பா, சேர்ந்து போய்ச் சாவி போட்டுடலாம்" என்றாள். சாவிக்காரர் பழைய சில்லைப் புதிய கூட்டில் பொருத்தினார். வண்டியோடு எண் பதிவு செய்த மாற்றுச் சாவியொன்றும் தயாராயிற்று. அது இப்போது தி.நகரில் மகள் வீட்டில் இருக்கிறது.

மயிலையில் அவதரித்தவர் வாயிலார் நாயனார். கபாலீசுவரர் ஆலயத்துள்ளேயே அவருக்குச் சந்நிதி உண்டு. மறவாமையையே கோயிலாக்கி, அதில் உணர்வை விளக்காக ஏற்றி, ஆனந்தத்தால் நீராட்டி, அன்பை அமுதாகப் படைத்தவர் என்று சேக்கிழார் பெருமான் அவரைப் போற்றுகிறார். கல்லும் சுண்ணாம்பும் அவருக்குத் தேவைப்படவில்லை. வெளியே யாரும் காணாத ஒன்றை உள்ளே வைத்திருந்தார். இறைவன் அதைக் கொண்டே அவரை அறிந்துகொண்டார்.

தேங்காயும் பழமும் மாலையும் சாவியின் வெளிப்பல் போன்றவை. அவையும் வேண்டும், பல் இல்லாமல் சாவி திரும்பாது. ஆயினும் உள்ளிருக்கும் சிறு நினைவு நழுவிவிட்டால், எத்தனை முறை திருகினாலும் ஓசைதான் மிஞ்சும். அதை நழுவவிட்டவர்க்கும் வழி அடைபடுவதில்லை. பெருக்கும்போது கிடைத்ததை எறியாமல் எடுத்துவைக்கும் ஒருவரை, கோயில் வாசலிலேயே இறைவன் அமர்த்தியிருக்கிறான்.

மார்கழி ரேவதி வாயிலாரின் குருபூஜை நாள். அன்று மயிலைக்குச் செல்லும் அன்பர்கள் அவர் சந்நிதியில் ஒரு நிமிடம் பேசாமல் நிற்கலாம். அவருக்கு அதைவிட உகந்த அர்ச்சனை வேறில்லை.