பால் ஊற்றுகிற பெண்

ஹாலந்து தேசத்தில் ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறவர்கள் ரைக்ஸ் மியூசியத்தைப் பார்க்காமல் வருவதில்லை. அங்கே முக்கால்வாசிக் கூட்டமும் ரெம்பிராண்ட் 1642-ல் வரைந்த 'இரவுக் காவல்' படத்துக்கு முன்னால்தான். அடேயப்பா, சுவரளவு படம்! ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்கள் முகம் அதில் விழவேண்டுமென்று பணம் கொடுத்து வரையச் சொன்னது.

எனக்கென்னவோ, வெர்மீர் என்பவர் 1660-ஐ ஒட்டி வரைந்த ஒரு முழ உயரப் படத்தைவிட்டு நகர மனம் வரவில்லை. ஒரு வேலைக்காரப் பெண் ஜாடியிலிருந்து மண்சட்டியில் பால் ஊற்றுகிறாள். அவ்வளவுதான்.

அந்தக் காலத்து டச்சுப் படங்களில் வேலைக்காரி என்றால் பெரும்பாலும் தூங்கி வழிவாள், இல்லாவிட்டால் ஆண்களைப் பார்த்து இளிப்பாள். வாங்குகிற பணக்காரர்கள் சிரிக்க வேண்டுமே! இந்தப் படத்திலும் தரையில் கால் காய்கிற கணப்புப் பெட்டி. பக்கத்தில் சுவரோரப் பீங்கான் ஓட்டில் குட்டி மன்மதன். இவள் மனசில் காதல் இருக்கிறதென்பதற்கு அடையாளமாம். இருக்கட்டுமே! மனசென்பது எஜமானியம்மாவுக்கு மட்டும்தானா? இவளோ தலை நிமிரவேயில்லை. பால் சிந்தக்கூடாது.

கையைப் பாருங்கள். மணிக்கட்டுவரை வெயிலில் கறுத்திருக்கிறது. சட்டைக்கையைச் சுருட்டிவிட்ட இடத்தில் வெளுப்பு. வெளிவேலையும் இவள் தலையில்தான் போலிருக்கிறது.

மேஜையில் ரொட்டித் துண்டுகள். காய்ந்த ரொட்டியை வீணாக்காமல் பாலில் ஊறவைத்துக் கூழ் மாதிரி செய்கிறாள் என்று சிலர் சொல்கிறார்கள். பால் நூலாக இறங்குகிறதே, அளந்துதான் ஊற்றுகிறாள் என்று அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் புரியும்.

அவளுடைய ஏப்ரன் நல்ல நீலம். ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டியெடுத்த நீலக்கல்லை அரைத்துச் செய்த சாயம் அது. அநியாய விலை! இத்தாலி ஓவியர்கள் மேரி மாதாவின் மேலாடைக்கென்று எடுத்துவைப்பார்கள். அதைக் கொண்டுபோய் வேலைக்காரியின் இடுப்புத் துணிக்குப் பூசியிருக்கிறார் மனிதர். மன்மதனைவிட இதுதான் எனக்குப் பெரிய அடையாளமாகப் படுகிறது.

2022-ல் மியூசியத்தார் கருவி வைத்துப் பார்த்ததில், அவள் தலைக்குப் பின்னால் ஜாடி மாட்டும் பலகையும், கீழே குழந்தைத்துணி உலர்த்தும் கணப்புக் கூடையும் முதலில் இருந்தது தெரிந்தது. 1675-ல் வெர்மீர் இறந்தபோது அவருக்கு 11 பிள்ளைகள். கூடை இல்லாத வீடா அது! ஆனாலும் இரண்டையும் அவரே மறைத்துவிட்டார். இப்போது இருப்பது வெறும் வெள்ளைச் சுவர், அதில் ஓர் ஆணி, ஜன்னலில் ஓர் உடைந்த கண்ணாடி. அந்தக் குளிரில், அதை மாற்றிக் கொடுங்களென்று எஜமானியிடம் கேட்டிருப்பாளோ, என்னவோ!