கழுத்தில் முடி இருந்தால் நெல்

வடலூர் தாண்டி குறிஞ்சிப்பாடிப் பக்கம், சம்பா நட்டு இருபது நாளான வயல். ஏழெட்டுப் பெண்கள் குனிந்து களை எடுக்கிறார்கள். வரப்பில் நிற்கிற எனக்கு எல்லாம் ஒரே பச்சை. அவர்களுக்குப் பேச்சு ஒரு பக்கம் ஓடுகிறது, கை தன்பாட்டில் பிடுங்கிக்கொண்டே போகிறது.

"எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டேன். மூத்தவர் இரண்டு செடிகளைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

"கழுத்தைப் பிரிச்சிப் பாரு தம்பி. முடி இருந்தா நெல்லு. மொட்டையா இருந்தா புல்லு."

இலை, தண்டை விட்டு விலகும் இடத்தைத்தான் கழுத்து என்கிறார். நெல்லில் அங்கே சவ்வு மாதிரி வெளுத்த நாக்கு ஒன்று. அதன் இரு பக்கமும் மயிர் முளைத்த சின்னக் காதுகள். மற்றதில் நாக்கும் இல்லை, காதும் இல்லை, வழவழவென்று இருக்கிறது. புல் இனத்தைப் பூவை வைத்துப் பிரிப்பதே தாவரவியல் வழக்கம். களையைப் பூக்கும்வரை இவர்கள் விட்டுவைத்தால் விதை கொட்டி அடுத்த போகமும் போச்சு.

அந்த மொட்டைக் கழுத்துக்காரி குதிரைவாலிக் கூட்டம். சிறுதானியம் என்று விலை கொடுத்து வாங்குகிறோமே, அதற்குக் காட்டு உறவு. சின்ன ரகத்தின் இலையில் சில சமயம் ஊதா வரி ஓடும், எளிதில் மாட்டிக்கொள்ளும். பெரிய ரகமான நெல்மெரட்டிதான் ஏய்க்கும். ஒளிச்சேர்க்கையில் அது கரும்பு, சோளத்தின் ஜாதி. வெயில் ஏற ஏற நெல்லை முந்திக்கொண்டு வளரும். இன்னொரு களையான கோரை, புல்லே இல்லை. தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும்.

நெல்மெரட்டி ஏன் நெல்லைப் போலவே இருக்கிறது? ரஷ்ய விஞ்ஞானி வவிலோவின் பெயரால் இந்த ஒப்பனைக்கு ஒரு விளக்கம் உண்டு. கண்ணில் பட்டதைப் பிடுங்கிவிடுகிறோம். நெல் சாயலில் இருப்பது தப்பி விதை விடுகிறது. சீனத்து யாங்சி ஆற்றுப் படுகையில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்திருக்கிறது என்று 2019இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. களை எடுத்தவர்களின் கண்தான் அந்தப் புல்லுக்கு இந்த உருவத்தைக் கொடுத்திருக்கிறது. பயிர் ரகம் உருவாக்கியவர்களைப் பற்றி நிறைய எழுதுகிறோம். இவர்களை யார் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள்?

பிடுங்கிய புல் வீணாவதில்லை, கட்டாகி மாட்டுக்குப் போகிறது. கோரையை மட்டும் கிழங்கோடு வரப்பில் எறிகிறார்கள்.

பக்கத்து வயல் நேரடி விதைப்பு. நடவு வரிசை இல்லாததால் இடத்தை வைத்துக் களையைப் பிடிக்க முடியாது, கழுத்து ஒன்றுதான் அடையாளம். வயல்காரர் டூ ஃபோர் டி அடித்திருந்தார். அது அகல இலைக் களைக்கான மருந்து, குதிரைவாலியை ஒன்றும் செய்யாது.

"அடிச்சும் நிக்குதே" என்று அவர் சலித்துக்கொண்டார்.

"வாங்கறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார் மூத்தவர், நிமிராமலே. நாளைக்கு எத்தனை ஆள் வருவீர்கள் என்று வயல்காரர் கேட்க, கூலிப் பேச்சு தொடங்கியது.