சாவி இல்லாத வண்டி

எனக்கும் சாவிகளுக்கும் வெகு நாளாக ஒத்துக்கொள்வதில்லை. பீரோச் சாவியைப் பூஜை அறையிலும், பூஜை அறைச் சாவியைப் பீரோவிலும் வைத்துப் பூட்டிவிட்டு, கொல்லனைத் தேடி அலைந்த பரம்பரையில் வந்தவன் நான். ஆகையால் என்னுடைய மோட்டார் சைக்கிளின் சாவி கெட்டுப்போனபோது, உள்ளூர எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வண்டி 1990-களில் செய்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அத்தனை வருஷம் உழைத்துத் தேய்ந்த பூட்டைக் குற்றம் சொல்வது தர்மமல்ல. உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் தேய்ந்துபோய், எந்தச் சாவியைப் போட்டாலும் திரும்புகிற நிலைக்கு அது வந்திருந்தது. திருடனுக்கு அவ்வளவு உபகாரம் செய்த பூட்டு எனக்கு மட்டும் வஞ்சனை செய்தது. கடற்காற்றில் உள்ளிருக்கும் பித்தளைத் தொடுவாய்கள் பச்சை பூத்துவிட்டன. ஒரு நாள் மாலை, அண்ணா சாலையின் நட்ட நடுவில், கொட்டுகிற மழையில், வண்டி பொசுக்கென்று அணைந்தது. சாவியை இப்படியும் அப்படியும் அசைத்தால் உயிர் வரும். கையை எடுத்தால் போய்விடும். பின்னால் நின்ற பஸ் டிரைவர் என் வம்சத்தைப் பற்றிச் சில அபிப்பிராயங்கள் சொன்னார்.

மறுநாள் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் உண்டு. அவர் பூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு பாடமே நடத்திவிட்டார்.

“சாவிக்கு ரெண்டு வேலை சார். நீங்க யாருன்னு பாக்கிறது ஒண்ணு, ரெண்டு கம்பியைச் சேக்கிறது ஒண்ணு. வண்டிக்கு வேண்டியது கம்பியைச் சேக்கிறதுதான். மத்தது உங்க கவலை.”

உண்மைதான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றுக்குச் சாவியே கிடையாது. மாக்னெட்டோ என்ற கருவி, என்ஜின் சுழலும்போதே தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பாட்டரியின் தயவு வேண்டாம். உதைத்தால் ஓடும். நிறுத்துவதற்கு மட்டும் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மின்சாரம் வண்டியின் இரும்போடு கலந்து, பொறி அணைந்துவிடும். பிறகு பாட்டரியும் காயிலும் வந்தன. நிறுத்திய வண்டியில் பாட்டரி வீணாக வடியாமல் இருக்க நடுவே ஒரு ஸ்விட்சு அவசியமாயிற்று. அந்த ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

மெக்கானிக் எனக்கு மூன்று வழிகள் சொன்னார். புதுப் பூட்டு வாங்கலாம். அல்லது, சட்டைப் பையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு பக்கத்தில் போனாலே வண்டி ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் நவீன ஏற்பாடு செய்யலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் பொத்தான் அளவு பாட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்தால் வண்டிக்கு எஜமானைத் தெரியாது. வண்டியிலிருக்கும் கருவியும் நாள் முழுவதும் விழித்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். மூன்றாவது வழி, எங்கேயாவது மறைவாக ஒரு சாதாரண ஸ்விட்சு.

மலிவானதை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லவும் வேண்டுமோ? முன் விளக்கு 60 வாட். 12 வோல்ட் பாட்டரியில் அது மட்டும் 5 ஆம்பியர் இழுக்கும். சின்ன ஸ்விட்சு அதைத் தாங்கிக்கொண்டிருந்தால் சூடேறிக் கருகிவிடும் என்று, நடுவே ஒரு ரிலே வைத்தார். ஸ்விட்சு ரிலேயைத் தட்டி எழுப்பும். பாரத்தை ரிலே சுமக்கும். ஒரு ப்யூஸும், மழைக்கு ஒரு ரப்பர்த் தொப்பியும் போட்டார். “பழைய சாவி ரெண்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க. வண்டி திருட்டுப் போனா இன்ஷூரன்ஸ்காரன் ரெண்டு சாவியையும் கேப்பான்” என்று எச்சரித்து அனுப்பினார்.

ஸ்விட்சு எந்த இடத்தில் இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடாது. வீட்டில் நான் யாருக்குமே சொல்லவில்லை. என் பையனுக்குக் குறிப்பாகச் சொல்லவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயது, லைசென்ஸ் இருக்கிறது. ஒரு தடவை சிநேகிதனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பத்தில் வண்டியைச் சாய்த்திருக்கிறான். சாவி ஆணியில் தொங்கிய காலத்தில் ‘கொடு’, ‘மாட்டேன்’ என்று தினம் ஒரு யுத்தம். இப்போது யுத்தம் ஓய்ந்தது. நானும் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற மார்கழியில் நான் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடியற்காலை ரயிலில் கண் விழித்துப் போனைப் பார்த்தால், வீட்டிலிருந்து ஏழு அழைப்புகள். இரவு ஒன்றரை மணிக்கு எதிர் வீட்டு மாமிக்கு ஆஸ்த்மா முற்றிவிட்டது. இன்ஹேலர் தீர்ந்திருந்தது. 108-க்குச் சொல்லிவிட்டு, இருபத்துநாலு மணி நேர மருந்துக் கடைக்குப் போக என் பையன் வண்டியை எடுத்திருக்கிறான். உதைத்திருக்கிறான், உதைத்திருக்கிறான், ஸீட்டைத் தடவியிருக்கிறான், டாங்கின் அடியைத் தடவியிருக்கிறான். நான் போனை ஊமையாக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் வண்டியைப் போட்டுவிட்டு, ஒன்றரை மைல் தூரமும் அவன் ஓடியே போயிருக்கிறான். மருந்தோடு அவன் திரும்பி ஓடி வந்தபோது ஆம்புலன்ஸும் வந்து சேர்ந்தது. மாமி பிழைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் அவன் கோபிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கோபிக்கவில்லை. “மெக்கானிக்குக்கு அந்த இடம் தெரியும், இல்லையாப்பா?” என்று மட்டும் கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. சாவியைக் கொடுத்தால் திருப்பி வாங்கிவிடலாம். இடத்தைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். திரும்ப வாங்க முடியாது. அந்தப் பயத்தில், புதுப்பேட்டையில் ஓர் அன்னியர் மேல் வைத்த நம்பிக்கையை வீட்டிலிருக்கும் பிள்ளை மேல் வைக்கத் தவறிவிட்டேன்.

அன்று மாலையே அவனை வாசலுக்கு அழைத்துப்போய், அவன் கையைப் பிடித்து ஸ்விட்சின் மேல் வைத்தேன். வண்டி ஓட்டத் தெரியாத என் மனைவிக்கும் காட்டினேன். “இதுக்கா இவ்வளவு ரகசியம்!” என்றாள் அவள்.

இந்த மாதம் பெட்ரோல் செலவு கொஞ்சம் கூடியிருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை.