நான் சொன்ன தவறான ஆறுதல்



இன்று மறையுரை அன்று, ஒரு மன்னிப்பு வேண்டுதலையே உங்கள் முன் வைக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் நான் பணியாற்றிய வேறொரு பங்கில், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்தார். "பாதர், இரண்டு நாளாய் ஒரே தலையிடி. கண்ணுக்கு முன்னால் மினுங்குது. செபியுங்கோ" என்றார். தலைமேல் கைவைத்துச் செபித்தேன், ஓய்வெடுக்கச் சொன்னேன். அருகில் நின்ற பெரியவர்களும், "பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் வழமைதானே" என்றனர். செவ்வாயன்று அவருக்கு வலிப்பு வந்தது. தாய் பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை.

முந்திய வாரமே மருத்துவமனையில் அவரது குருதி அமுக்கம் உயர்வாகப் பதியப்பட்டிருந்தது. ஆனால் மீண்டும் அளக்காமலும் சிறுநீரைச் சோதிக்காமலும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பின்னர் இதை அறிந்த கணவர், "வழக்குப் போடுவது பாவமா, பாதர்?" என்று கேட்டார். "கடவுள் சித்தம், விட்டுவிடுங்கள்" என்றேன். விட்டுவிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து அவர் சொன்னார்: "எனக்குக் காசு வேண்டாம் பாதர். என்ன நடந்தது என்று ஒருத்தர் சொல்லியிருந்தாலே போதும்." அதற்குள் சட்டம் தந்த காலம் கடந்துவிட்டிருந்தது.

அன்று நான் அறியாதிருந்தவற்றை நீங்கள் அறிந்திருங்கள். கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் குருதி அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் சென்று, சிறுநீரில் புரதமும் காணப்பட்டால் அது முன்சூல்வலிப்பு நோயாகலாம். கடுந்தலையிடி, பார்வைக் கோளாறு, விலா எலும்புக்குக் கீழே நோவு, வாந்தி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவை இதன் அறிகுறிகள். 160/110ஐ எட்டினால் அது அவசர நிலை. பிள்ளை பிறந்த பின் ஆறு வாரங்கள் வரையும் இது வரக்கூடும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மகப்பேற்றுப் பிரிவுக்கு உடனே தொலைபேசி எடுங்கள், இரவென்று தயங்காதீர்கள். ஆங்கிலம் கடினமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. செபத்திற்கு என்னிடம் பிறகு வாருங்கள்.

தவறு நேர்ந்ததாக ஐயுற்றால், மருத்துவப் பதிவுகளின் பிரதியைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பாரதூரமான தீங்கு நேர்ந்தால் அதை மறைக்காது சொல்வது இங்கே மருத்துவமனையின் சட்டக் கடமை. இழப்பீட்டு வழக்கிற்குப் பொதுவாக, நிகழ்ந்த நாளிலிருந்தோ தவறை அறிந்த நாளிலிருந்தோ மூன்று ஆண்டுகள் உண்டு. பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அக்காலம் 18 வயதில்தான் தொடங்கும். ஆனால் துயரமான முடிவு மட்டும் தவறுக்குச் சான்றாகாது. கவனிப்பு உரிய தரத்திற்குக் கீழே இருந்ததும், அதனாலேயே தீங்கு நேர்ந்ததும் நிறுவப்பட வேண்டும். அரச மருத்துவமனை எனில் இழப்பீட்டை மருத்துவிச்சியோ மருத்துவரோ தம் கையிலிருந்து கொடுப்பதில்லை. ஆகவே, ஒருவரின் வாழ்வைக் கெடுக்கிறோமோ என்ற அச்சத்தால் வாய்மூடி இராதீர்கள்.

உண்மையைக் கேட்பது பழிவாங்கல் அன்று. நடுவனிடம் ஓயாது நீதி கேட்ட கைம்பெண்ணை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை; நமக்கு முன்மாதிரியாகவே காட்டினார். மன்னிப்பதற்கும், எதை மன்னிக்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும்.

அந்தத் தம்பதியரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் மன்னித்தார்கள். இருந்தும், கர்ப்பிணி ஒருவர் ஆசீர் கேட்டு வரும்போதெல்லாம், கை உயர்த்துமுன் இப்போது நான் கேட்கும் முதற்கேள்வி: "பிரஷர் பார்த்தீங்களா, பிள்ளை?"

ஆண்டவரில்,
உங்கள் பங்குத்தந்தை