எந்த இலை மஞ்சள்?

மாடித்தோட்டக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், "ஒரு ஸ்பூன் எப்சம் உப்பு போடுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ரோஜா பூக்கவில்லையா, தக்காளிக் காயின் அடி கறுக்கிறதா, மிளகாய் இலை சுருள்கிறதா, எல்லாவற்றுக்கும் அதே ஸ்பூன். என்னிடமும் ஒரு டப்பா எப்போதும் உண்டு. அதைத் திறப்பதற்கு முன் செடியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடி இலையைப் பார்ப்பது என் வழக்கம்.

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் கசப்பு ஊற்றிலிருந்து முதலில் எடுத்ததால் அந்தப் பெயர். அதில் மெக்னீசியம் ஏறக்குறைய 10 சதவீதம், கந்தகம் 13 சதவீதம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் துளிகூடக் கிடையாது. அதை மட்டும் நம்பி மண்புழு உரத்தை மறந்தால் செடி பட்டினிதான் கிடக்கும்.

இலைப் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசிய அணு இருக்கிறது. மண்ணில் அது குறையும்போது, முதிர்ந்த இலைகளில் இருப்பதை உருவித் துளிர்களுக்கு அனுப்பிவிடுகிறது செடி. எனவே மஞ்சள் கீழிருந்து தொடங்கும். நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி மட்டும் வெளுக்கும். இதே கோலம் துளிரில் தெரிந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. நரம்பும் சேர்ந்து அடி இலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்துக் குறை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் தக்காளியில் மெக்னீசியக் குறையின் கோலத்தை அதிகம் பார்க்கிறேன். அடைமழை செடிப் பையிலிருந்த மெக்னீசியத்தைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். பையில் நிரப்பும் தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே சாம்பல்சத்து அதிகம். அதன்மேல் அடுப்புச் சாம்பலையும் வாழைப்பழத் தோல் கரைசலையும் கொட்டினால், மிச்சமிருக்கும் மெக்னீசியத்தையும் வேர் எடுக்க முடியாமல் திணறும். போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கும் வீட்டில் கதை வேறு. அந்தத் தண்ணீரிலேயே கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து வருவதால் டப்பாவுக்கு அங்கே வேலை குறைவு.

தேவை உறுதியானால், லிட்டருக்கு 5 கிராம், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்கிறேன். பிறகு ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். காய்ந்த இலை திரும்பாது. மஞ்சள் மேலே ஏறாமல் நின்றதா என்பதே கணக்கு. நின்றுவிட்டால் தெளிப்பையும் நிறுத்திவிடுவேன்.

தக்காளிக் காயின் அடி கறுத்தால் மட்டும் இந்த உப்பைத் தொடவே மாட்டேன். அது காய்க்குக் கால்சியம் போய்ச் சேராத கோளாறு. ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாகத் தண்ணீர் விட்டால் அப்படித்தான் ஆகும். அங்கே மெக்னீசியத்தைக் கொட்டினால், அது கால்சியத்தோடு போட்டியிட்டு நிலைமையை மோசமாக்கும். அதனால் யாராவது என்னிடம் எத்தனை ஸ்பூன் என்று கேட்டால், முதலில் மஞ்சளானது மேல் இலையா, கீழ் இலையா என்று திருப்பிக் கேட்கிறேன்.