கணியம்பாடித் தட்டான்களின் பிறந்த ஊர்

புரட்டாசி மழை விட்ட மறுநாள் கணியம்பாடி ஏரிக்கரையில் தலைக்கு மேலே தட்டான்கள் மொய்த்தன. முந்தின வாரம் ஒன்றுகூட இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயாவிடம், "இத்தனையும் எங்கிருந்து ஆயா வந்துச்சு?" என்று கேட்டேன். "மழையோட வந்துச்சு கண்ணு, வேற எங்கிருந்து வரும்?" என்றார்.

ஏரியிலேயே பிறந்திருக்குமோ என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் கணக்கு உதைத்தது. இது பாண்டலா ஃபிளேவசன்ஸ் என்ற இனம். மஞ்சளோடிய உடல், அகன்ற பின்சிறகு. மழைக்குட்டைகளில் முட்டையிடும். புழு நீருக்குள் வளர்ந்து சிறகு முளைத்து வெளியேற ஐந்தாறு வாரமாவது ஆகும். ஏரிக்குத் தண்ணீர் வந்தே சில நாள்தான். ஆகவே இவை வந்தேறிகள்.

எங்கிருந்து வந்தவை என்று தேடப்போய் மாலத்தீவில் போய் நின்றேன். அங்கே வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஆண்டுதோறும் அக்டோபரில் தட்டான்கள் திரளாக வந்திறங்குவதைக் கவனித்தார். தட்டான் பெருகும் அளவுக்கு அந்தத் தீவுகளில் நன்னீர் தேங்குவதில்லை. அப்படியானால் அத்தனையும் கடல் தாண்டி வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மாதத்தில் கடல்மட்டத்துக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது அவற்றுக்கு எதிராக வீசுகிறது. விடை உயரத்தில் இருந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேலே அப்போதே வடகிழக்குக் காற்று தொடங்கிவிடுகிறது. இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் இறங்கியவையே மாலத்தீவுத் தட்டான்கள் என்று 2009இல் எழுதினார். போய்த் திரும்பும் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது அவர் கணிப்பு.

இதைப் படித்ததும் ஆயா சொன்னது வேறு மாதிரி விளங்கியது. தென்திசை நகரும் மழைப்பட்டையில் காற்றுகள் வந்து குவிகின்றன. மழையைக் கொண்டுவரும் அதே காற்றோட்டம்தான் தட்டான்களையும் ஏற்றிவருகிறது.

தட்டான்கள் இத்தனை தூரம் பறந்து வருவதை எப்படி நிரூபிப்பது? சின்ன வயதில் நாங்கள் தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவோம். 2006இல் அமெரிக்காவில் மார்ட்டின் விகெல்ஸ்கி குழுவினர் வேறொரு பெரிய இனத் தட்டான்மேல் 0.3 கிராம் ரேடியோ கருவியை ஒட்டி, விமானத்திலும் காரிலும் பின்தொடர்ந்தார்கள். நம்முடையதன் மொத்த எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். அதன்மேல் எதையும் ஏற்ற முடியாது.

ஆனால் சிறகே சாட்சி சொல்லும். மழைநீரில் டியூட்டீரியம் என்னும் கனமான ஹைட்ரஜனின் அளவு இடத்துக்கு இடம் மாறும். புழு வளர்ந்த குட்டைநீரின் டியூட்டீரிய அளவு சிறகின் கைட்டினில் பதிந்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு தூரம் பறந்தாலும் மாறாது. பிறப்புச் சான்றிதழை முதுகிலேயே சுமந்து திரிவது போலத்தான். கீத் ஹாப்சனும் ஆண்டர்சனும் சக ஆய்வாளர்களும் மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் சிறகுகளைச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கத்திலுள்ள தென்னிந்தியா என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்; சிறகுகள் காட்டியதோ வட இந்தியாவையும் அதற்கு அப்பாலும். நம் தலைக்கு மேலேயே கடந்துபோகிறவை அவை. உடலில் சேர்த்த கொழுப்பைக்கொண்டு சுமார் 90 மணி நேரம் பறக்க முடியும் என்று ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கணக்கிட்டார்கள்.

ஆனால் முழுச் சுற்றையும் எந்தத் தட்டானும் முடிப்பதில்லை. வழியில் மழைக்குட்டையில் முட்டையிட்டுச் செத்துப்போகிறது. பயணத்தை அடுத்த தலைமுறை தொடர்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் நான்கு தலைமுறை. இந்தியா, ஜப்பான், கொரியா, அமெரிக்கா என்று பல நாட்டுத் தட்டான்களின் மரபணுக்களை 2016இல் ஒப்பிட்டவர்கள், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே குடும்பம் போலக் கலந்திருப்பதைக் கண்டார்கள். ஒரு தட்டானுக்குப் பிறந்த ஊர் உண்டு. கூட்டத்துக்கு அப்படி ஓர் ஊர் கிடையாது.

ஆகவே கணியம்பாடியையும் அந்தச் சுற்றில் ஓர் இடமாகத்தான் பார்க்கிறேன். சவ்வாது மலையில் பிறந்து எங்கள் பக்கம் வரும் நாகநதி வறண்டு கிடந்த காலம் உண்டு. கணியம்பாடி ஒன்றியத்துப் பெண்கள் நூறு நாள் வேலையில் செறிவூட்டும் கிணறுகளும் தடுப்பணைகளும் கட்டி அதை மீட்ட கதை நாடறிந்தது. வந்திறங்கும் தட்டான்கள் அப்படித் தேங்கும் நீரிலும் முட்டையிடும். தண்ணீர் ஆறு வாரம் நின்றால் ஒரு தலைமுறை நம் ஊரில் பிறந்து கிளம்பும். நான்காம் வாரமே வற்றினால் புழுக்கள் சேற்றோடு காய்ந்துபோகும்.