கூட்டமில்லாத அலை

கோவளம் கடற்கரையை ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்திருக்கிறீர்களா? ஓர் அலை எழும்பினால் அதன் மேல் ஏறுவதற்கு ஆறு பலகைகள் காத்திருக்கும். மாமல்லபுரத்திலும் அப்படித்தான். புதுச்சேரிக்கு வடக்கே, கோட்டக்குப்பத்தை ஒட்டியுள்ள செரினிட்டி கடற்கரையிலும் அதே கதைதான். 'சர்ஃபிங்' என்கிற அலைச் சறுக்கு நம் கரையில் அவ்வளவு தூரம் வேரூன்றிவிட்டது. 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் இந்த விளையாட்டுக்கு முதன் முதலாக இடம் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்தது. நம் நாட்டு ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். பிறகு கூட்டம் சேராமல் என்ன செய்யும்?

"சித்தி! எனக்குக் கூட்டமில்லாத அலை ஒன்று வேண்டும்" என்றாள் என் தமக்கை மகள். கல்லூரியில் படிக்கிறாள். ஆறு மாதமாகப் பலகையும் கையுமாக அலைகிறாள். 'அலைகிறாள்' என்ற சொல்லுக்கு அவள் விஷயத்தில் இரண்டு அர்த்தம் உண்டு!

சரியென்று விழுப்புரம் வழியாகப் புறப்பட்டோம். வழியில் வில்லியனூரில் இறங்கித் திருக்காமீசுவரரைத் தரிசித்தோம். பிறகு சங்கராபரணி ஆற்றங்கரையில் சற்று நின்றோம்.

"ஆற்றுக்கும் அலைக்கும் என்ன சம்பந்தம், சித்தி?" என்று பலகைக்காரி பொறுமை இழந்தாள்.

சம்பந்தம் இருக்கிறது. ஆறு மணலைக் கொண்டுபோய்க் கடலில் சேர்க்கிறது. கடலுக்கு அடியில் அந்த மணல் மேடு கட்டுகிறது. ஆழ்கடலிலிருந்து வரும் அலை, தன் உயரத்தைக் காட்டிலும் ஆழம் சற்றே கூடுதலான இடத்துக்கு வந்ததும் தலைகுப்புற உடைகிறது. அந்த இடம் மணல் மேடாக இருந்துவிட்டால் பலகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பாறாங்கல்லாக இருந்தால் மண்டை உடையும்.

வில்லியனூரைத் தாண்டியதும் இந்த ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுண்ணாம்பாறு, மற்றது அரியாங்குப்பம் ஆறு. இந்த இரண்டாவது ஆற்றின் முகத்தில்தான் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டினார்கள். நம் கடலில் வருஷத்தின் பெரும் பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று கொஞ்சம் தெற்கே திருப்பினாலும், நிகரக் கணக்கில் வடக்கே போவதுதான் மிகுதி. அந்த மணலைக் கல் சுவர் வழிமறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்து, பாறாங்கற்களை அடுக்கும்படி ஆயிற்று. பிற்பாடு தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு தடுப்பு அமைத்த பிறகுதான் அங்கே மணல் திரும்ப ஆரம்பித்தது.

ஆகவே மணல் வேண்டுமானால் தெற்கே போக வேண்டும். போனோம்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் என்று வருகிறது பாகூர் கொம்யூன். சாலைக்கு மேற்கே பாகூர் ஏரி, பச்சை வயல்கள், சோழர் காலத்து மூலநாதர் கோவில். கிழக்கே பனித்திட்டு, நரம்பை, புதுக்குப்பம் என்று மீனவர் ஊர்கள். ஒரு பக்கம் நெல், மறு பக்கம் மீன்! கன்னியக்கோவிலில் கிழக்கே திரும்பினால் மணப்பட்டு. சவுக்குத் தோப்பின் ஓசையைத் தாண்டிக் கரைக்கு வந்தோம். நீண்ட மணல், கட்டி வைத்த படகுகள், வேறு ஆள் அரவமே இல்லை.

இரண்டு பக்கமும் அலைகள் வெள்ளை வெளேரென்று உடைந்துகொண்டிருந்தன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் நீர் அமைதியாக, சற்றுக் கருத்துத் தெரிந்தது. "சித்தி, அது வழியாகப் போனால் சுலபமாக உள்ளே போய்விடலாம்" என்று பலகையைத் தூக்கினாள் பெண்.

"அங்க எறங்காத பாப்பா!" என்று ஒரு குரல் அதட்டிற்று. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாள். "அலை ஒடையலையே, ஒண்ணும் பண்ணாதுன்னுதானே பாக்கற? அதான் இழுப்பு. ஆளை உள்ள இட்டுக்கினு பூடும்."

எனக்கு உடம்பு சில்லிட்டது. கரைக்கு வந்த நீர் திரும்பிப் போவதற்கு மணல் மேட்டில் அறுத்துக்கொண்ட வாய்க்கால் அது. பார்வைக்குப் பரம சாது, நடத்தையிலோ கொலைகாரன். அதில் அகப்பட்டவர்கள் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் மூழ்குகிறார்கள். எதிர்க்காமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். குழந்தைகளுடன் கடலுக்குப் போகும் தாய்மார்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. அலை உடையாத இடம் பத்திரமான இடமல்ல.

கோவளத்துக் கூட்டத்தைப் பற்றி நாங்கள் சலித்துக்கொண்டோமே, அந்தக் கூட்டத்துக்கு ஆயிரம் கண்கள் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு பெண் தண்ணீரில் தடுமாறினால் யாராவது பார்ப்பார்கள். இங்கே அந்தப் பாட்டியம்மாள் இல்லாவிட்டால் யார் பார்த்திருப்பார்கள்?

அன்று அவள் தண்ணீரில் இறங்கவில்லை. மறுநாள் விடியற்காலையில், பயிற்சி தரும் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு வந்தோம். கரைக் காற்று மெல்ல வீசி அலைகளைச் சீவிவிட்டது போல் வைத்திருக்கும் நேரம் அது. வெயில் ஏறிக் கடற்காற்று எழுந்தால் எல்லாம் கலைந்துவிடும். படகுகள் கரையேறும் இடம், வலை கிடக்கும் இடம், இழுப்பு இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஊராரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வடக்கே தள்ளி ஓரிடத்தில் இறங்கினார்கள். நாம் விளையாடும் இடம் அவர்களுக்குப் பிழைக்கும் இடமாயிற்றே!

ஏழெட்டுத் தடவை விழுந்தாள். பிறகு ஓர் அலையில் எழுந்து, முழுசாகக் கரை வரையில் நின்றபடியே வந்தாள்.

"அட, நின்னுட்டாளே!" என்று பாட்டியம்மாள் கை தட்டினாள்.

வீடு திரும்பும்போது அவளிடம் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வாங்கினோம். வண்டி முழுவதும் அதன் வாசனை. பலகைக்காரி மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை.